சூசையம்மாளுக்கு வந்த தோல்

நாவல்பேட்டைச் சூசையம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்த பங்குனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, உச்சி முதல் உள்ளங்கால் வரை இருபத்தாறு வயதுத் தோல் வந்து சேர்ந்தது. அப்போது குழாயடியில் பதினோரு பெண்கள் இருந்தார்கள், பதினொருவரும் பார்த்தார்கள், ஆனால் ஒன்பது நாள் கழித்து அன்றுதான் தண்ணீர் வந்திருந்தபடியால் அவர்கள் தங்கள் வியப்பையெல்லாம் தண்ணீருக்கே செலவழித்துவிட்டிருந்தார்கள், குடங்கள் நிறைந்த பிறகுதான் ஒருத்தி, அக்கா என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் அவள் கணவர் சவரிநாதன், குடத்தோடு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாம்மா, சூசை குழாயடிக்குப் போயிருக்கிறது, உட்காரு என்று, முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் ஒருநாளும் காட்டாத மரியாதையோடு சொன்னார். அவள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை திட்டியதும் மனைவியை அடையாளம் கண்டுகொண்டு பொத்தானை மறுபடி கழற்றினார்.

வந்தது தோல் மட்டும்தான். தலைமுடி பஞ்சாகவே இருந்தது, கடைவாய்ப் பற்கள் இரண்டு போனது போனதுதான், முட்டிகள் இரண்டும் எழும்போது ஒரு முறை, உட்காரும்போது ஒரு முறை கர்த்தரைக் கூப்பிட்டன. இந்த ஏற்பாட்டில் தனக்கு என்ன லாபம் என்று சூசையம்மாளுக்கு விளங்கவில்லை. பத்தொன்பது வருஷம் ஈரத்தரையில் நின்று வேலை பார்த்துத் தேய்ந்த முட்டிக்காகத்தான் அவள் வெள்ளிக்கிழமைதோறும் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவந்தாள், முகத்துக்காக ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை; மேலே இருப்பவர்கள் மனுவைப் படிக்காமலே உத்தரவு போடுகிறார்கள் என்று அவள் சவரிநாதனிடம் சொன்னாள்.

ஊர் விஷயத்தைச் சீக்கிரமே செரித்துக்கொண்டது. ஆட்டுக்கால் சூப்புதான் காரணம் என்று ஒருவர் சொல்ல, நாவல்பேட்டையில் ஆடுகளுக்கு நாலு கால்தானா என்று கசாப்புக்கடைக்காரரே வருத்தப்படும் அளவுக்குக் கால்கள் விற்றன. நெல்லிக்காய்தான் என்று இன்னொருவர் சொல்ல, ஊர் முழுக்கப் பல் கூசித் திரிந்தது. பங்குச்சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் அழியும் சரீரத்தின் மேல் ஆசை கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, பூசை முடிந்ததும் அவளைத் தனியே அழைத்து, தன் கழுத்துச் சுருக்கத்துக்கு ஏதாவது வழியுண்டா என்று விசாரித்தார். பியூட்டி பார்லர் வைத்திருந்த ரஞ்சிதம் அவள் போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டி, இவர் எங்கள் வாடிக்கையாளர் என்று எழுதினாள், சூசையம்மாள் அந்தக் கடைப் படியேறியதே ஒரு முறை சில்லறை மாற்றத்தான் என்றாலும். கல்யாணத் தரகர் இருவர் வந்து, நரைமுடி மட்டும் ஒரு குறை, சாயம் போட்டால் தெரியாது என்று சவரிநாதனிடமே ஆறுதல் சொன்னார்கள். சவரிநாதன் அன்று சாயங்காலம் தன் மீசைக்குச் சாயம் போட்டார், ஒரு வாரம் மேலுதட்டில் அரிப்போடு அலைந்தார்.

ரேஷன் கடையில்தான் சிக்கல் வந்தது. சூசையம்மாளின் பழைய விரல்களில் ரேகையே கிடையாது, தொழிற்சாலைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது, ஒவ்வொரு மாதமும் இயந்திரம் அவள் விரலை ஏற்காமல் மகள் முறையான மேகலாதான் விரல் வைத்து அரிசி வாங்குவாள். இப்போது புது விரலை வைத்தவுடன் இயந்திரம் சந்தோஷமாகப் பச்சை விளக்கு காட்டி ரேகையைப் படித்து, இந்த விரலுக்கு உரியவர் பதிவில் இல்லை என்றது. கடைக்காரர், விரல் சரி, ஆள்தான் தப்பு என்று எழுதிக்கொண்டார்.

கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், அது விட்ட நொடியில் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. உடம்பைக் கட்டிவைத்திருக்கும் கயிறு ஒன்று உண்டு, மூன்று இழை சேர்த்துப் பின்னியது, கொலாஜன் என்று பேர், தோலில் அதுதான், எலும்பில் சுண்ணாம்புச்சத்து ஒட்டிக்கொள்ளும் பந்தலும் அதுதான், தசையை எலும்போடு கட்டும் நாணும், முட்டியில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும், ரத்தக்குழாயின் சுவரும், கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் படலமும்கூட அதுதான், இருபத்தைந்துக்கு மேல் உடம்பு அதைத் திரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும், வெயிலும் பீடியும் இருப்பதையும் அறுக்கும் என்றெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சூசையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகத்துக்கு வந்ததில் பாதியை முட்டிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். அது முடியாது என்றார் டாக்டர். வெளியே வரிசையில் நின்றவர்கள் கொலாஜன் பவுடர் குடிக்கலாமா என்று கேட்டார்கள்.

"குடிங்க, பருப்பும் முட்டையும் மாதிரி அதுவும் வயித்துல துண்டு துண்டாத்தான் ஆகும்" என்றார் டாக்டர். "கொஞ்சம் பலன் இருக்கலாம். ஆனா அது உங்க முகம் எங்க இருக்குன்னு விலாசம் விசாரிச்சுகிட்டுப் போகாது."

வரிசையில் நின்றவர்கள் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் சூசையம்மாளின் வலது கையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. விரல் நுனி முதல் முழங்கை வரை அந்தக் கையில் ஒரு வெந்த தழும்பு இருந்தது, உருகி உறைந்த மெழுகு மாதிரி, பதினைந்து வருஷமாக. செவ்வாய்க்கிழமை காலை அதுவும் போய்விட்டிருந்தது. அவசரத்தில் உடம்பு ஒரே திசையில் இழுத்துப் போட்ட தையல்தான் தழும்பு, அதுவும் இதே கயிறுதான் என்று டாக்டர் சொன்னபோது சூசையம்மாள் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தழும்புதான் அவளுடைய ஒரே சாட்சி.

பாலாற்றங்கரையில் இருக்கும் தொழிற்சாலையை ஊரில் எலும்புக் கம்பெனி என்பார்கள். லாரிகளில் மாட்டெலும்பும் தோல் துண்டுகளும் வரும். அமிலத்தில் ஊறும், மாதக்கணக்கில் சுண்ணாம்பில் கிடக்கும், பிறகு வெந்நீர்த் தொட்டிகளில் அவற்றின் கொலாஜனெல்லாம் கரைந்து கூழாகி, ஜெலட்டினாகி, மாத்திரைக் கூடாகவும் மிட்டாயாகவும், இப்போது சில வருஷமாக முகத்துக்கான பவுடராகவும் வெளியே போகும். பதினைந்து வருஷத்துக்கு முன் அங்கே மூன்றாம் தொட்டியில் சூசையம்மாளோடு வேலை பார்த்தவள் அஞ்சுகம், இருபத்தாறு வயது, நாலு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். ஒரு நாள் மத்தியானம் தொட்டியின் மேல் போட்டிருந்த துருப்பிடித்த இரும்புப் பலகை உடைந்து அஞ்சுகம் உள்ளே போனாள். அவளைப் பிடிக்கச் சூசையம்மாள் தொட்டிக்குள் கையை விட்டாள். கை வெந்ததுதான் மிச்சம். கம்பெனி மூன்று நாள் அந்தக் கொட்டகையைப் பூட்டியது, நாலாம் நாள் திறந்தபோது தொட்டி கழுவிச் சுத்தமாக இருந்தது, வருகைப்பதிவில் அன்றைக்கு அஞ்சுகம் வரவில்லை என்றிருந்தது, சூசையம்மாளும் வரவில்லை என்றிருந்தது, தொட்டியே அன்று வேலை செய்யவில்லை என்றிருந்தது.

வேலைக்கு வராத அஞ்சுகம் வீட்டுக்கும் வராததால், அவள் லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. எந்த டிரைவர் என்பதில் இரண்டு கட்சி இருந்தது, ஓடினாள் என்பதில் ஒரே கட்சிதான். அஞ்சுகத்தின் புருஷன் அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் ஆறே மாதத்தில் திருப்பூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். குழந்தை மேகலாவைச் சூசையம்மாள் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓடிப்போனவள் மகள் என்ற பட்டத்தோடு மேகலா பள்ளிக்கூடம் போனாள், அதே பட்டத்தோடு செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காய்ச்சலுக்குக் கூடு போட்ட மாத்திரை கொடுத்தால் கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டுக் கசப்பு மருந்தை மட்டும் நாக்கில் கொட்டிக்கொள்ள அவளைச் சூசையம்மாள் பழக்கியிருந்தாள், ஏன் என்று மேகலா ஒருநாள்தான் கேட்டாள், சொன்ன பிறகு கேட்கவில்லை.

அஞ்சுகம் தொட்டியில்தான் செத்தாள் என்று தீர்ப்பு வாங்க, சூசையம்மாள் மேகலா பேரில் ஜில்லா கோர்ட்டில் பதினைந்து வருஷமாக வழக்கு நடத்தினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் கையைக் காட்டுவாள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கம்பெனி வக்கீல், அது வீட்டில் ரசம் கொட்டியதால் வந்தது என்பார். முழங்கை வரை ஊற்ற எத்தனை படி ரசம் வைத்தார்கள் என்று சூசையம்மாளின் வக்கீல் மணிமொழி ஒரு முறை கேட்டதற்கு, எங்கள் கட்சிக்காரர் அதை விசாரித்துச் சொல்வார் என்று மூன்று வருஷம் வாய்தா வாங்கினார்கள்.

புதுத் தோலோடு அவள் கோர்ட்டுக்குப் போன நாளில், பதினைந்து வருஷமாகத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டவர்கள் தழும்பு எங்கே என்று கேட்டார்கள். கம்பெனி வக்கீல், இவர் சூசையம்மாளே இல்லை, சூசையம்மாளின் மகளாக இருக்கலாம் என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பளபளவென்று இருந்த அந்தக் கையைப் பார்த்து அவர் முகத்தில் பொறாமை மாதிரி ஏதோ ஒன்று போயிற்று, பிறகு இரண்டு மாதம் தள்ளிவைத்தார். சூசையம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

ஆனால் கோர்ட்டு வராந்தாவில் நின்ற கம்பெனி மேனேஜர் குணசீலன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். மறுநாளே அவர் சால்வையோடும் மைசூர்பாகு டப்பாவோடும் வீட்டுக்கு வந்தார், பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அவளை அம்மா என்று கூப்பிட்டார், வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், மனிதாபிமானம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று தொடங்கி, கம்பெனியின் தங்கமேனி கொலாஜன் பவுடருக்கு அவள் முகம் வேண்டும் என்று முடித்தார். இந்தத் தோல் எப்படி வந்தது என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

சூசையம்மாள் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தாள். பிறகு சிரித்தாள்.

"எல்லாம் உங்க தொட்டி புண்ணியம் சார்" என்றாள். "பதினஞ்சு வருஷத்துக்கு முன்ன, ஆடி மாசம் பத்தாம் தேதி மத்தியானம், மூணாம் தொட்டியில முழங்கை வரைக்கும் கையை விட்டேன். அன்னைக்கு உடம்புல ஏறினதுதான், இப்ப பூத்திருக்குது."

புகாராகச் சொன்னபோது பதினைந்து வருஷம் நம்பாத வாக்கியத்தை, புகழாகச் சொன்னபோது கம்பெனி ஒரே வாரத்தில் நம்பியது. நம்பியதோடு நிற்காமல் பதினாறடிப் பேனரில் வண்ணத்தில் அச்சடித்து, பாலாற்றுப் பாலத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கட்டியது. தேதி போட்டிருந்தது, தொட்டி எண் போட்டிருந்தது, மேலே சூசையம்மாள் நரைத்த தலையும் பிஞ்சு முகமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், கையில் தங்கமேனி டப்பா.

பேனரைப் பார்த்த அன்று மேகலா வேலைக்குப் போகாமல் திரும்பி வந்தாள். அவளுக்குத் திட்டத் தெரியாது, திட்டு வாங்கித்தான் பழக்கம். துணிகளைப் பையில் அடுக்கினாள். சூசையம்மாள் பையைப் பிடித்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவைக் கரைச்சவனுங்க பவுடருக்கு நீ சிரிச்சிகினு நிக்குற பெரிம்மா."

"பதினஞ்சு வருஷமா அழுதுகினு சொன்னேன், ஒருத்தனும் எழுதிக்கல" என்றாள் சூசையம்மாள். "இப்ப சிரிச்சிகினு சொன்னேன், அவனே எழுதிகினான். பொறு."

மேகலாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது, பையை வைத்தாள், ஆனால் அன்றிலிருந்து இரண்டு மாதம் அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை. சூசையம்மாளுக்கும் தன் கணக்கு சரியா என்று நிச்சயமில்லை. வெறும் பேனரைக் கோர்ட்டில் காட்டினால், விளம்பரம்தானே, விளம்பரத்தில் யார் உண்மை சொல்வார்கள் என்று கம்பெனி சொல்லிவிடும் என்று மணிமொழி கவலைப்பட்டார். பவுடர் மலை மலையாக விற்றது. தன் முகத்தைப் பார்த்து ஊர் அந்தத் தொட்டியைக் குடிக்கிறது என்ற எண்ணம் வரும்போதெல்லாம் சூசையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைக் காப்பாற்றியது போட்டிக் கம்பெனிதான். தங்கமேனி விற்பனையால் வயிறெரிந்த வேறு பவுடர்க்காரர்கள், விளம்பரத்தில் இருப்பது ஒரு சின்னப் பெண், தலைக்கு வெள்ளைச் சாயம் அடித்து ஏமாற்றுகிறார்கள், அப்படி ஒருத்தி அந்தத் தொட்டியில் வேலையே பார்க்கவில்லை என்று விளம்பரங்களை விசாரிக்கும் மேலிடத்தில் புகார் கொடுத்தார்கள். குணசீலன் ரோஷக்காரர். கம்பெனியின் நாணயத்தைச் சந்தேகிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, பதினைந்து வருஷமாக இல்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்த அந்த அசல் வருகைப்பதிவேட்டை எடுத்து, ஆடி பத்தாம் தேதிப் பக்கத்தை நகலெடுத்து, இது உண்மை என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு அனுப்பினார். சூசையம்மாள், மூன்றாம் தொட்டி, ஆஜர். அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டும் வைத்திருந்தார். அதற்கு அடுத்த வரியை அவர் படிக்கவில்லை, விளம்பரத்துக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த வாய்தாவில் மணிமொழி மேலிடத்திலிருந்து வாங்கிய அந்த நகலை நீதிபதி முன் வைத்தார். நீதிபதி சிவப்புக் கோட்டு வரியைப் படித்தார், பிறகு அதன் கீழே விரலை வைத்து, சத்தமாக, அஞ்சுகம், மூன்றாம் தொட்டி, ஆஜர், வெளியேறிய நேரம் குறிக்கப்படவில்லை என்று படித்தார். மேகலா பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மாவுடைய பேரை டிரைவர் பேர் சேர்க்காமல் ஒரு மனிதர் உரக்கச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பெனி வக்கீல் எழுந்து, அந்தப் பதிவேடு பொய் என்று சொல்ல ஆரம்பித்தார். அப்படியானால் தங்கமேனி விளம்பரமும் பொய்தானே, மேலிடத்தில் முத்திரை போட்டுச் சொன்னதும் பொய்தானே என்று நீதிபதி கேட்டார். வக்கீல் கால் மணி நேரம் அவகாசம் கேட்டார். வராந்தாவில் குணசீலனும் வக்கீலும் போனில் முதலாளியும் கலந்து பேசினார்கள். ஒரு பக்கம் செத்துப்போன ஒரு கூலிக்காரி, இன்னொரு பக்கம் மூன்று மாநிலத்தில் விற்கும் பவுடர். எதைப் பொய் என்பது, எதை மெய் என்பது. அவர்கள் அவகாசத்தில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்து, பதிவேடு மெய் என்றார்கள். பவுடரைக் காப்பாற்ற அஞ்சுகத்தின் சாவை ஒப்புக்கொண்டார்கள்.

தீர்ப்பு வந்தது, இறப்புச் சான்றிதழ் வந்தது, இறந்த இடம் என்ற கட்டத்தில் மூன்றாம் தொட்டி என்று இருந்தது. குணசீலனை மட்டும் வேலையை விட்டு அனுப்பினார்கள், அடுத்த வரியைப் படிக்காத குற்றத்துக்காக. நாவல்பேட்டை இதையும் செரித்துக்கொண்டது. அஞ்சுகம் அப்படிப்பட்டவள் இல்லை என்று நாங்கள் அன்றே சொன்னோம் என்று இரண்டு டிரைவர் கட்சிக்காரர்களும் சொன்னார்கள். தொட்டியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு பவுடர் விற்பனை ஒரு வாரம் படுத்தது, அடுத்த வாரம் எழுந்தது, மூன்றாம் வாரம் மருந்துக்கடையில் சிலர் குரலைத் தாழ்த்தி, அந்த வருஷத்துச் சரக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மேகலா தன் அம்மாவுக்குக் காரியம் செய்ய ஆசைப்பட்டாள். அஞ்சுகத்தின் சனத்து வழக்கப்படி, ஆற்றுமணலில் பள்ளம் எடுத்து, செத்தவர் உடம்புக்குப் பால் வார்க்க வேண்டும். உடம்பில்லாவிட்டால் முடியோ நகமோ ஏதாவது வேண்டும் என்றார் காரியம் செய்துவைக்க வந்தவர். முடி இல்லை. நகம் இல்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு சேலைகூட மிஞ்சவில்லை. மேகலா கையில் பால் சொம்பை வைத்துக்கொண்டு, எதன்மேல் ஊற்றுவது என்று தெரியாமல் மணலைப் பார்த்து நின்றாள்.

சூசையம்மாள் முட்டியைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்ல, பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வலது கையை முழங்கைக்கு மேல் துணியை ஏற்றிவிட்டு நீட்டினாள்.

"இதும்மேல ஊத்து பாப்பா. இதுக்கும் இருபத்தாறு வயசுதான்."

காரியம் செய்துவைக்க வந்தவர் மறுப்புச் சொல்லவில்லை, அவரும் நாவல்பேட்டைக்காரர்தான். மேகலா அந்தக் கையைப் பார்த்தாள். நாலு வயதில் விட்ட அம்மாவின் கை எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. குனிந்து, தோளிலிருந்து விரல்வரை ஒரு தடவை தடவினாள், பிறகு ஊற்றினாள்.

ஊர் அதற்குள் ஆற்றுக்கு வந்துவிட்டிருந்தது, துக்கத்துக்குத்தான். முதல் சொட்டு விரல் நுனியிலிருந்து விழுந்தபோது ரஞ்சிதம் முந்தானையை நீட்டினாள், அவள் பின்னால் ஒருவர் டம்ளரோடு குனிந்தார், அவருக்கும் பின்னால் யாரோ தூக்குவாளியே கொண்டுவந்திருந்தார்கள். பங்குச்சாமியார் பாத்திரம் ஏதும் கொண்டுவரவில்லை, உள்ளங்கையைக் குவித்து வைத்திருந்தார். யாரும் தள்ளிக்கொள்ளவில்லை, சாவுவீட்டு மரியாதை தெரிந்தவர்கள், வரிசையாகத்தான் நின்றார்கள்.

சூசையம்மாள் அவர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கி, புறங்கையும் விரலும் மணலில் அழுந்தும்படி வைத்துக்கொண்டாள். பால் கையை விட்டு இறங்கிய இடத்திலேயே காய்ந்த ஆறு அதைக் குடித்தது, டம்ளருக்கும் வாளிக்கும் உள்ளங்கைக்கும் ஒரு சொட்டு கிடைக்கவில்லை. மேகலா சொம்பு காலியாகும் வரை, அவசரப்படாமல், ஊற்றிக்கொண்டே இருந்தாள்.